வேலியில் காய்ந்த பாய்
உளநலப் பகுதி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் நான்கை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். நான்கும் திருகோணமலை மாவட்டத்தின் வெவ்வேறு மூலைகளிலிருந்து வந்தவை. எழுதியவர்கள் ஒருவரையொருவர் அறியமாட்டார்கள். ஆனாலும் நான்கிலும் "வெட்கம்" என்ற சொல் வந்திருந்தது. ஆட்களை அடையாளங்காட்டக்கூடிய விபரங்களை மாற்றியும், கடிதங்களைச் சுருக்கியும் தந்திருக்கிறேன். முதற் கடிதத்துக்கான பதில் நீண்டுவிட்டது. அதைக் குறைக்க எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: எனக்கு 41 வயது. உப்புவெளியில் இருக்கிறேன், வங்கி உத்தியோகம். 1990 ஆனியில் சண்டை தொடங்கியபோது எனக்கு ஆறு வயது. வீட்டை விட்டு ஓடி, ஒரு பள்ளிக்கூடத்தில் பல குடும்பங்களோடு மாதக்கணக்கில் இருந்தோம். மூன்று வயதிலேயே நின்றுபோயிருந்த, இரவில் பாயை நனைக்கும் பழக்கம் அங்கேதான் எனக்கு மறுபடி வந்தது. விடிந்ததும் அம்மா அந்தப் பாயை எல்லோரும் பார்க்கும்படி வேலியில் போட்டுவிட்டு, அது காயும்வரை என்னை அதற்குப் பக்கத்தில் நிற்கவைப்பார். தண்ணீருக்கு வரிசையில் நிற்பவர்கள் பார்ப்பார்கள், சிரிப்பார்கள். வீடு திரும்பிய பிறகும், பதினொரு வயதுவரை, இது நடந்தது. இன்றைக்கும் கூட்டத்தில் முகாமையாளர் என் பெயரைச் சொன்னால் காது சுடுகிறது, தொண்டை அடைக்கிறது, பார்வை நிலத்துக்குப் போய்விடுகிறது. என்னில் அந்த மணம் வருகிறதோ என்று சேலைத் தலைப்பை மணந்து பார்க்கிறேன். போன மாதம் என் ஆறு வயது மகள் படுக்கையை நனைத்துவிட்டாள். நான் கத்தினேன். என் வாயிலிருந்து வந்தது அம்மாவின் குரல். பிறகு குளியலறையைப் பூட்டிக்கொண்டு அழுதேன். 35 வருடமாகியும் இது ஏன் என்னை விட்டுப் போகவில்லை? அம்மா இப்போது எங்களோடுதான் இருக்கிறார். அவரிடம் இதைக் கேட்க வேண்டுமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் மகளிடமிருந்து தொடங்குகிறேன், இன்றிரவே செய்யக்கூடிய காரியம் அங்கேதான் இருக்கிறது. ஐந்து வயதுப் பிள்ளைகளில் ஏறத்தாழ 15 வீதமானோர் இரவில் படுக்கையை நனைக்கிறார்கள். பெரும்பாலானோருக்கு வயது ஏற ஏற அது தானாகவே நின்றுவிடுகிறது. பெற்றோருக்குச் சிறுவயதில் இருந்திருந்தால் பிள்ளைக்கும் வரும் வாய்ப்புக் கூடுதல். நீண்ட காலம் நனைக்காமல் இருந்துவிட்டு இப்போது தொடங்கியிருந்தாலும், பகலிலும் கசிந்தாலும், சிறுநீர் கழிக்கும்போது எரிவு இருந்தாலும், மலச்சிக்கல் அல்லது அதிக தாகம் இருந்தாலும் ஒருமுறை வைத்தியரிடம் காட்டுங்கள். இவை எதுவும் இல்லையென்றால் நனையாத விரிப்பொன்றும், படுக்கைக்குப் போகுமுன் கழிவறைக்குப் போகும் வழக்கமும், உங்கள் பொறுமையும் போதும். அடுத்ததாக, மகள் அமைதியாக இருக்கும் ஒரு நேரத்தில் அவளுக்குப் பக்கத்தில் இருந்து, "அம்மா அண்டைக்குக் கத்தினது பிழை. படுக்கை நனையிறது உன்ர பிழை இல்லை. அம்மாவும் சின்னப்பிள்ளையில நனைச்சவ" என்று சொல்லுங்கள். பெற்றோர் ஒருநாளும் பிழை விடாமல் இருப்பதால் பிள்ளைக்குக் கிடைக்கும் பாதுகாப்பைவிட, பிழை விட்ட பிறகு திரும்பி வந்து அதைச் சரிசெய்வதால் கிடைக்கும் பாதுகாப்புப் பெரிது என்பது என் அனுபவம். அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்ல உங்களுக்குக் கடினமாக இருக்கும். ஆயினும் அந்த இரகசியம் உங்கள் வாயிலிருந்து, உங்கள் விருப்பத்தோடு, உங்களை நேசிக்கும் ஒருவரின் காதில் விழுவது அதுவே முதல் தடவையாக இருக்கக்கூடும்.

இனி உங்கள் கேள்வி. ஆறு மாதங்களேனும் நனைக்காமல் இருந்த பிள்ளை, பயங்கரமான அனுபவம், இடப்பெயர்வு, பிரிவு போன்றவற்றுக்குப் பிறகு மறுபடி நனைக்கத் தொடங்குவதை மருத்துவம் தனி வகையாகவே பிரித்துப் பார்க்கிறது. உங்களுக்கு அது எங்கே, எப்போது தொடங்கியது என்பதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: வெடிச்சத்தம் கேட்ட மாதங்களில், சொந்த வீடில்லாத இடத்தில், முன்பின் தெரியாத ஆட்களுக்கு நடுவில். உங்கள் உடல் அந்த யுத்தத்துக்குக் கொடுத்த பதில் அது. அந்தப் பதிலுக்காகவே நீங்கள் வேலியோரம் நிறுத்தப்பட்டீர்கள்.

அப்படியானால் அந்தச் சிறுமி ஏன் "அம்மா செய்வது அநியாயம்" என்று நினைக்கவில்லை? அவளால் அப்படி நினைத்திருக்க முடியாது. ஆறு வயதுப் பிள்ளைக்குச் சோறும் தண்ணீரும் நித்திரையும் பாதுகாப்பும் அம்மாவிடமிருந்தே வருகின்றன. வெளியில் துவக்குச் சத்தம் கேட்கும் இரவில் அம்மாவும் கெட்டவர் என்று முடிவுசெய்தால், அந்தப் பிள்ளைக்கு ஒதுங்க உலகத்தில் ஓரிடமும் மிஞ்சாது. அம்மா நல்லவர், நான்தான் ஊத்தை என்று முடிவுசெய்தால், நான் திருந்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற ஒரு நம்பிக்கையாவது மிஞ்சும். ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த உளப்பகுப்பாய்வாளர் ரொனால்ட் பெயார்பேண் 1943இல் இதைத் தெளிவாக எழுதினார்: துன்புறுத்தப்பட்ட பிள்ளை தன் பெற்றோரின் தீமையைத் தன்மேல் எடுத்துக்கொள்கிறது, தீயவர்கள் ஆளும் உலகில் நல்ல பிள்ளையாக வாழ்வதைவிட, நல்லவர்கள் ஆளும் உலகில் தீய பிள்ளையாக வாழ்வது அதற்குத் தாங்கக்கூடியதாக இருக்கிறது. ஆகவே உங்கள் வெட்கம் ஒரு பலவீனம் என்று நான் கருதவில்லை. அது ஆறு வயதில் உங்களை உயிரோடும் நம்பிக்கையோடும் வைத்திருந்த கயிறு. கரையேறி 35 வருடமான பிறகும் கை அந்தக் கயிற்றை விட மறுக்கிறது.

இதனாலேதான் "அதெல்லாம் பழைய கதை, மறந்துவிடுங்கள்" என்று யாராவது சொன்னால் உங்களுக்குப் பயன் கிடைப்பதில்லை. இந்த வெட்கம் ஒரு கருத்தாக உங்களிடம் தங்கியிருந்தால் அதை வாதாடி மாற்றிவிடலாம். அது உடலில் தங்கியிருக்கிறது. முகாமையாளர் பெயர் சொன்ன கணத்தில் காது சுடுவதும், பார்வை விழுவதும், தொண்டை அடைப்பதும் நீங்கள் யோசிக்கத் தொடங்குவதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகின்றன. பலர் பார்க்க என் பெயர் சொல்லப்படுகிறது என்பது மட்டுமே உங்கள் உடலுக்குத் தெரிகிறது; அது கூட்ட அறையா, பள்ளிக்கூட வேலியா என்று பிரித்துப் பார்க்க அது காத்திருப்பதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில், 2022 தை மாதம் நடைமுறைக்கு வந்த 11ஆவது பதிப்பு, நீண்டகாலக் கொடுமைகளால் உண்டாகும் சிக்கலான மனவடு நோயைத் தனியாகச் சேர்த்திருக்கிறது; "நான் தாழ்ந்தவள், தோற்றவள், பெறுமதியற்றவள்" என்ற நீங்காத எண்ணமும் அதனோடு வரும் வெட்கமும் அதன் இலக்கணங்களில் ஒன்று. உங்களுக்கு அந்த நோய் இருக்கிறது என்று ஒரு கடிதத்தை வைத்துக்கொண்டு நான் சொல்லமாட்டேன். நீங்கள் அனுபவிப்பது மருத்துவ உலகம் அறிந்த ஒன்று, அதற்குச் சிகிச்சை உண்டு என்பதற்காகவே சொல்கிறேன்.

சிகிச்சை எப்படி நடக்கும் என்றும் கொஞ்சம் சொல்கிறேன். பல பேர் பார்த்ததால் உண்டான காயம் இது. ஆகவே தனியே இருந்து, கதவைப் பூட்டிக்கொண்டு, இதை முழுவதுமாக ஆற்றிவிட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. இன்னொரு மனிதர், முகத்தைத் திருப்பாமல், சிரிக்காமல், அவசரப்பட்டு ஆறுதல் சொல்லாமல் உங்களைப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்க்கப்படுவதை உங்கள் உடல் பல தடவை அனுபவிக்க வேண்டும். என்னிடம் வருபவர்களுக்கு நான் நாற்காலியை எதிரெதிரே போடுவதில்லை. சற்றுச் சரித்து, இருவரும் யன்னலைப் பார்க்கும்படி போடுவேன். வெட்கத்தோடு வருபவரை முதல் நாளே கண்ணைப் பார்த்துக் கதைக்கச் சொல்வது மறுபடி வேலியோரம் நிறுத்துவது போன்றது. இந்தத் துறையில் நெடுங்காலம் உழைத்த பிரித்தானிய உளவியலாளர் போல் கில்பேர்ட், தன்னைத்தானே திட்டும் உட்குரலோடு வாழ்பவர்களுக்கென்றே, தம்மீது பரிவு கொள்ளப் பழக்கும் ஒரு சிகிச்சைமுறையை உருவாக்கினார். அவர் கவனித்த ஒரு விடயத்தை நானும் பலமுறை கண்டிருக்கிறேன்: சிறுவயதில் அவமானப்பட்டவர்களுக்கு அன்பு முதலில் இதமாக இருப்பதில்லை, பயமாக இருக்கிறது. யாராவது கனிவாகப் பேசினால் இவருக்கு என்னைப் பற்றி உண்மை தெரியாது, தெரிந்தால் ஓடிவிடுவார் என்று நெஞ்சு படபடக்கிறது. உங்களுக்கும் அப்படி நேர்ந்தால் சிகிச்சை பிழைத்துவிட்டது என்று நினைத்து நின்றுவிடாதீர்கள். நீண்ட நாள் பட்டினி கிடந்தவருக்கு முதலில் கஞ்சித் தண்ணீரைத்தான் கொடுப்போம். இதுவும் அப்படித்தான், சிறிது சிறிதாக.

அம்மாவிடம் கேட்பது பற்றி. உங்கள் அம்மாவும் அந்த முகாமில் இருந்தவர். தண்ணீர் வரிசையில் கிடைக்கும் ஊரில், மாற்றுப் பாய் இல்லாமல், மற்றக் குடும்பங்களின் முறைப்பைத் தாங்கிக்கொண்டு, தன் பயத்தையும் வெட்கத்தையும் எங்கே இறக்குவது என்று தெரியாமல் உங்கள்மேல் இறக்கியிருக்கிறார் என்று ஊகிக்கலாம். இது விளக்கம், மன்னிப்பதற்கான கட்டளை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் ஏன் செய்தார் என்பது புரிந்த பிறகும், செய்தது கொடுமை என்று நீங்கள் சொல்லலாம். இரண்டையும் ஒரே நெஞ்சில் வைத்திருக்க முடியும். நீங்கள் கேட்டால் அவர் "எங்களுக்கு அப்ப வேற வழி தெரியேல்லை பிள்ளை" என்று அழக்கூடும். "அப்படி ஒண்டும் நடக்கேல்லை" என்று அடித்துச் சொல்லவும் கூடும். இரண்டாவது பதில் வந்தாலும் விழுந்துவிடமாட்டேன் என்ற நிலைக்கு வந்த பிறகு கேளுங்கள். அதுவரை, மகளின் படுக்கை விடயத்தில் அம்மம்மா ஒரு சொல்லும் சொல்லக்கூடாது என்று மட்டும் மரியாதையாகவும் உறுதியாகவும் சொல்லிவிடுங்கள். அதற்கு யாருடைய ஒப்புதல் வாக்குமூலமும் தேவையில்லை.

திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு நீங்கள் போகலாம். உங்கள் பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருக்கிறாரா என்றும் விசாரிக்கலாம். ஊரில் தெரிந்தவர்கள் கண்டுவிடுவார்கள் என்று கூச்சப்பட்டால், தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு வீட்டிலிருந்தே அழைக்கலாம்.

கேள்வி: தம்பலகாமத்தில் இருந்து எழுதும் ஓய்வுபெற்ற தமிழாசிரியன் நான். வெட்கத்தை ஒரு நோய் போல நீங்கள் எழுதிவருவது எனக்கு உடன்பாடில்லை. வள்ளுவர் நாணுடைமைக்கு ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். பிழை செய்த மாணவனை வகுப்பின் முன் முழந்தாளில் இருத்தியே 34 வருடம் படிப்பித்தேன். அவர்களிற் பலர் இன்று வைத்தியர், பொறியியலாளர். வீதியில் கண்டால் வணங்குகிறார்கள். வெட்கமில்லாத பிள்ளை எப்படி உருப்படும்?

பதில்: மதிப்புக்குரிய ஐயா, 102ஆவது அதிகாரத்தின் முதற்குறளை உங்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. "கருமத்தால் நாணுதல்" என்றே அது தொடங்குகிறது. தான் செய்த இழிந்த செயல் காரணமாக ஒருவர் கொள்ளும் நாணத்தை அங்கே வள்ளுவர் போற்றுகிறார். முன்னைய கடிதத்தில் உள்ள சிறுமி ஒரு கருமமும் செய்யவில்லை. நித்திரையில் நடந்தது செயலாகாது. செயலே இல்லாத இடத்தில் நாணத்தைப் பிடித்துவைப்பதை நாணுடைமை என்று சொல்ல உங்களைப் போன்ற தமிழறிஞரே உடன்படமாட்டீர்கள் என்று நம்புகிறேன். அதே அதிகாரத்தில் 1015ஆவது குறள், தம் பழிக்கு மட்டுமன்றிப் பிறர் பழிக்கும் நாணுகிறவர்களை உயர்த்திச் சொல்கிறது. அந்தக் குறளின்படி பார்த்தால், அன்று அந்தப் பள்ளிக்கூடத்தில் தண்ணீர் வரிசையில் நின்று ஒரு பிள்ளையைப் பார்த்துச் சிரித்த பெரியவர்களே நாணியிருக்க வேண்டும்.

நீங்கள் காக்க விரும்புவது எது என்று எனக்குப் புரிகிறது. அதை நானும் காக்க விரும்புகிறேன். "நான் செய்தது பிழை" என்று ஒரு பிள்ளைக்கு உறைக்க வேண்டும். ஆனால் "நானே பிழை" என்று உறைப்பது முற்றிலும் வேறு. அமெரிக்க உளவியலாளர் ஹெலன் புளொக் லூயிஸ் 1971இல் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டினார். குற்றவுணர்வில் கவனம் செயலின்மேல் இருக்கிறது, வெட்கத்தில் முழு ஆளின்மேலும் விழுகிறது. அவருக்குப் பிறகு ஜூன் டாங்னி என்ற ஆய்வாளரும் அவரோடு உழைத்தவர்களும் பல வருடங்களாக நடத்திய ஆய்வுகள், குற்றவுணர்வு கொள்பவர்கள் மற்றவர் வலியை உணர்ந்து ஈடுசெய்ய முனைகிறார்கள் என்றும், வெட்கத்தில் அமிழ்பவர்கள் ஒளிந்துகொள்ளவும் கோபப்படவும் பழியைப் பிறர்மேல் போடவும் கூடுதலாகச் சாய்கிறார்கள் என்றும் காட்டின. பென்சிலைக் களவெடுத்த பையனைத் தனியே கூப்பிட்டு, "இது யாருடையது, அவர் எழுதப் பென்சில் இல்லாமல் இன்று என்ன செய்திருப்பார்" என்று கேட்டு, அவனே கொண்டுபோய்க் கொடுக்கும்படி செய்தால் முதலாவது வளர்கிறது. வகுப்பின் முன் முழந்தாளில் இருத்தினால் அவனுக்குப் பென்சில் ஞாபகத்தில் இருக்காது. நாற்பது முகங்கள்தான் ஞாபகத்தில் இருக்கும்.

1995இல் அமெரிக்காவின் சான் டியேகோவில் வின்சன்ட் ஃபெலிட்டியும் ரொபேர்ட் ஆண்டாவும் தொடங்கி, 17,000க்கும் மேற்பட்ட வளர்ந்தவர்களிடம் விரிவடைந்த ஆய்வில், சிறுவயதில் வீட்டில் திட்டப்பட்டும் இழிவுபடுத்தப்பட்டும் வளர்ந்ததை அடிதடிக்கு நிகராக ஒரு தனி வகையாகவே எண்ணிக்கையில் சேர்த்தார்கள். இப்படியான அனுபவங்கள் கூடக்கூடப் பிற்காலத்தில் மனச்சோர்வும் குடிப்பழக்கமும் இருதய நோயும் கூடியிருந்தன. நம் நாட்டில் கல்வி அமைச்சின் 2005/17ஆம் இலக்கச் சுற்றறிக்கை 2005இலேயே பாடசாலைகளில் உடல்ரீதியான தண்டனையைத் தடைசெய்தது.

வணங்குகிற மாணவர்களின் அன்பு உண்மையானது. அதில் எனக்குச் சந்தேகமில்லை, அவர்கள் உங்களிடமிருந்து பெற்ற தமிழுக்கு அது உரியது. வீதியில் உங்களைக் கண்டதும் மற்றப் பக்கம் போய்விடுகிற ஒருவரையாவது உங்களுக்கு நினைவிருந்தால், அவரைப் பற்றி எனக்கு எழுதுங்கள். அவரிடம் போய் இரண்டு வசனம் பேச உங்களுக்கு மனமிருந்தால், அந்த வசனங்களைச் சேர்ந்தே யோசிக்கலாம். ஓர் ஆசிரியர் வந்து "அண்டைக்கு நான் செய்தது பிழை தம்பி" என்று சொல்வது ஐம்பது வயது மனிதரைக்கூட நிமிரவைப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: கிண்ணியா. எனக்கு 52 வயது. பதினொரு வயதில் எங்கள் வீட்டில் தங்கியிருந்த உறவுக்காரர் ஒருவரால் தவறாக நடத்தப்பட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. அவர் மௌத்தாகி இருபது வருடம். ஜனாஸாவில் நானும் தோள் கொடுத்தேன். அன்று நான் ஏன் கத்தவில்லை, ஏன் ஓடவில்லை? ஆம்பிளைப் பிள்ளைதானே. இந்த வெட்கம் என்னைத் தின்கிறது. மனைவியிடம் சொல்லலாமா?

பதில்: அன்புள்ள சகோதரருக்கு, நாற்பது வருடங்களுக்குப் பிறகு இந்த வரிகளை எழுத உங்கள் கை எவ்வளவு பாரப்பட்டிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். எழுதியதற்கு நன்றி.

பிரெட்றிக் கோட்டைக்குள்ளும் அதைச் சுற்றியும் திரியும் மான்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இருட்டில் திடீரென்று வாகன வெளிச்சம் முகத்தில் அடித்தால், காற்றாய்ப் பறக்கக்கூடிய அந்த மான் கால்களை ஊன்றியபடி அசையாமல் நின்றுவிடும். அதைக் கோழை என்று யாரும் சொல்வதில்லை. ஆபத்து வரும்போது ஓடுவதும் எதிர்ப்பதும் மட்டுமல்ல, உறைந்துபோவதும் உயிர்களின் உடலுக்குள் எழுதப்பட்டிருக்கிறது. எதிர்க்கவும் முடியாது, தப்பவும் முடியாது என்று மூளை கணிக்கும் இடத்தில் குரலும் தசையும் கட்டளைக்கு அடங்காமல் நின்றுவிடுகின்றன. இந்தத் தெரிவை நீங்கள் செய்யவில்லை. உங்களுக்காக உங்கள் உடல் செய்தது. தவிர, அவர் உங்கள் வீட்டில் சாப்பிட்டு, உங்கள் பெற்றோரின் மரியாதையைப் பெற்று, பெரியவராக இருந்தவர். அவருக்கு எதிராகக் கத்தினால் யார் நம்புவார்கள் என்ற கேள்வி, நீங்கள் சொல்லாக நினைக்காவிட்டாலும், அந்தப் பிள்ளைக்குள் இருந்திருக்கும். உங்கள் தெருவில் ஆறாந்தரம் படிக்கும் ஒரு பையனைப் பாருங்கள், அவன் தோளின் அகலத்தைப் பாருங்கள். 52 வயது ஆணின் உடம்பையும் குரலையும் அந்த இரவுக்குள் அனுப்பிவிட்டு, ஏன் எதிர்க்கவில்லை என்று நீங்கள் விசாரணை நடத்திக்கொண்டிருக்கிறீர்கள். அங்கே இருந்தவன் அந்தப் பையன்.

இப்படியான காயத்தோடு இருக்கும் ஆண்கள் பல தசாப்தங்கள் பேசாமல் இருப்பது எல்லா நாடுகளிலும் காணப்படுகிறது. ஆணுக்கு இது நடக்காது என்று ஊர் நம்புவதால், நடந்தவர் தன் ஆண்மையையே சந்தேகிக்கிறார். அந்தச் சந்தேகத்துக்கு ஓர் அடிப்படையும் இல்லை. ஜனாஸாவுக்குத் தோள் கொடுத்ததற்காகவும் உங்களை நீங்கள் தண்டிக்காதீர்கள். அது உங்கள் குடும்பத்துக்கும் மார்க்கத்துக்கும் நீங்கள் செய்த கடமை, அவர் செய்ததை ஒப்புக்கொண்டதற்கான அடையாளம் ஆகாது.

மனைவியிடம் சொல்வது கட்டாயமில்லை; உங்கள் விருப்பம். என் கருத்தைக் கேட்டால், முதலில் ஓர் உளவளத்துணையாளரிடமோ வைத்தியரிடமோ ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிவிட்டு, பிறகு மனைவியிடம் போவது நல்லது. ஏனென்றால் முதல் தடவை சொல்லும்போது உங்கள் உடல் எப்படி நடந்துகொள்ளும் என்று உங்களுக்கே தெரியாது. அதைத் தாங்கப் பழகிய ஒருவர் பக்கத்தில் இருப்பது உதவும். மனைவியிடம் சொல்லும்போது ஒரு வசனம் போதும்: "நான் சின்ன வயசில இருக்கேக்க ஒரு பெரிய ஆள் எனக்குப் பிழையா நடந்தவர், அதை நான் இவ்வளவு காலமும் சுமந்திட்டன்." விபரங்கள் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. அவர் திகைத்து மௌனமானால், அந்த மௌனத்தை உடனே வெறுப்பு என்று வாசிக்காதீர்கள். வெட்கத்தோடு வாழ்பவரின் கண்ணுக்கு எல்லா மௌனமும் வெறுப்பாகவே தெரியும். என்ன நினைக்கிறீர்கள் என்று கேளுங்கள். இறந்தவரைப் பற்றிப் பேசுகிறோமே என்ற தயக்கம் இருந்தால், அவர் பெயரைச் சொல்லாமலே உங்கள் காயத்தைச் சொல்லலாம்.

இதை வாசிக்கும் வேறு யாருக்காவது, இன்று ஒரு பிள்ளைக்கு இப்படி நடக்கிறது என்று தெரிந்தால், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கம் இருக்கிறது. குடும்ப மானத்தை நினைத்துத் தாமதிக்காதீர்கள்.

கேள்வி: மூதூர், 23 வயது. சிறுவயதில் உறவினர் வீட்டில் வேண்டாத பிள்ளையாக வளர்ந்தேன். கைப்பேசியில் பார்த்த ஒரு காணொளியில், இரவில் தனியாக இருந்து சிறுவயதில் நடந்த எல்லாவற்றையும் ஒன்றும் விடாமல் எழுதினால் வெட்கம் போய்விடும் என்றார்கள். மூன்று இரவு எழுதினேன். இப்போது நித்திரை இல்லை. கை விறைக்கிறது. என்னை நானே வெளியில் நின்று பார்ப்பது போல இருக்கிறது. ஆறும்போது இப்படித்தான் இருக்குமா?

பதில்: அன்புள்ள தங்கைக்கு, இல்லை. எழுதுவதை இன்றோடு நிறுத்துங்கள். எழுதிய தாள்களை ஓர் உறையில் இட்டு, நீங்கள் படுக்கும் அறைக்கு வெளியே வையுங்கள், கிழிக்கத் தேவையில்லை. நீங்கள் ஒரு பிழையும் செய்யவில்லை, வரிசைதான் மாறிவிட்டது. மனவடு பற்றிய சிகிச்சையில் பெரும் மாற்றத்தைக் கொண்டுவந்த அமெரிக்க உளமருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992இலேயே, முதலில் பாதுகாப்பு, அதன் பிறகே நினைவுகூர்ந்து துக்கிப்பது, அதன் பிறகு மற்றவர்களோடு மறுபடி இணைவது என்று இந்தப் பாதையை விளக்கினார். உங்களை நேரே இரண்டாம் கட்டத்துக்குள், அதுவும் நள்ளிரவில், தனியாக இறக்கிவிட்டிருக்கிறார்கள். இப்படியான யோசனைகளை எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லுகிறவர்கள் மீது எனக்கு மிகுந்த கவலை உண்டு.

வெளியில் நின்று பார்ப்பது போன்ற உணர்வு வரும்போது, இரண்டு பாதங்களையும் நிலத்தில் அழுத்தி வையுங்கள். முகத்தைக் குளிர்ந்த தண்ணீரால் கழுவுங்கள். கண்ணை மூடாதீர்கள், கண்ணுக்குத் தெரிகிற ஐந்து பொருட்களின் பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள், பிறகு இன்றைய திகதியையும் நீங்கள் நிற்கும் ஊரின் பெயரையும் சொல்லுங்கள். இருட்டிய பிறகு பழையதைக் கிளறாதீர்கள். மனம் தானாக அங்கே போனால், நாளைக் காலை உன்னைக் கவனிக்கிறேன் என்று அதற்குச் சொல்லுங்கள். காலையில் குடாக்கடற்கரைப் பக்கம் அரை மணித்தியாலம் நடக்க முடிந்தால் நடங்கள், முடிந்தால் ஒரு தோழியோடு. இந்த வாரத்துக்குள் அருகிலுள்ள ஆதார வைத்தியசாலைக்குப் போய், உளநலச் சிகிச்சை எந்த நாளில் நடக்கிறது என்று கேட்டுப் பதிந்துகொள்ளுங்கள். அங்கே எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதில்லை; இங்கே எனக்கு எழுதிய கடைசி நான்கு வசனங்கள் போதும்.

ஒன்றை நேராகவே கேட்கிறேன். செத்துவிட்டால் நல்லது என்ற எண்ணம் வருகிறதா? வந்தால் அதற்கும் வெட்கப்படாதீர்கள், ஆனால் காத்திருக்காதீர்கள். அப்போதே 1926க்கு அழையுங்கள், வீட்டில் உங்களுக்கு ஓரளவேனும் நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி இரவில் பக்கத்தில் படுக்கச் சொல்லுங்கள்.

அடுத்த கடிதத்தில் சிறுவயதைப் பற்றி ஒன்றும் எழுத வேண்டாம். நித்திரை எத்தனை மணித்தியாலம் வருகிறது என்று மட்டும் எழுதுங்கள்.